ஒரு முழம் ரோஜா

வீட்டில் காலி டப்பா ஒன்றைத் தூக்கி எறியப் போகும்போது, "ஐயையோ, அதைப் போட்டுறாதீக!" என்று ஒரு குரல் கேட்கிறதா? வாழ்த்துகள். உங்கள் வீட்டில் ஒரு கைவினைக் கலைஞர் உருவாகிவிட்டார். இனி அந்த வீட்டில் எதுவும் குப்பை இல்லை. எதற்கும் பாதுகாப்பும் இல்லை.

இந்த இனத்தில் நான் கண்ட முதல்தரம், ராஜபாளையத்தில் என் அடுத்த வீட்டு சிவரஞ்சனி. ஐஸ்கிரீம் குச்சி, முட்டை ஓடு, பழைய கல்யாணப் பத்திரிகை, தீர்ந்துபோன பேனா, கணவர் விஜயபாண்டி வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் கழித்துப்போட்ட துணிச் சுருள் என்று கைக்கு எட்டியதையெல்லாம் வெட்டி, ஒட்டி, சாயம் ஏற்றி, ஜிகினா தூவி, வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டுத்தான் காலைக் காப்பியே குடிப்பார்.

"ஏட்டி, என் சட்டை பட்டன் ரெண்டைக் காணோமே?"

"அது மயிலுக்குக் கண்ணாப் போச்சுங்க."

விஜயபாண்டி ஊக்கைக் குத்திக்கொண்டு வேலைக்குப் போவார்.

இவர்களிடம் "எப்படி இப்படியெல்லாம் தோணுது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள், அது வேறு. ஒரு ரகசியம்: பொருள்தான் முதலில் பிறக்கும்; உந்துதல் பிறகு வரும். மயில் செய்ய உட்கார்ந்து அது கோழியாக முடிந்தால், சின்ன வயதில் வன்னியம்பட்டியில் பார்த்த ஒரு கோழிதான் தன்னைக் கலைக்கு இழுத்து வந்தது என்று கண் கலங்குவார் சிவரஞ்சனி. நம்பாமல் என்ன செய்வது?

இதுவரை வாங்கியவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள். சொந்தம் விட்டுப்போகக் கூடாதே என்று வாங்கியவர்கள். முதன்முறையாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து யோகேஸ்வரி என்ற முன்பின் தெரியாத அம்மாள், மகளின் நிச்சயதார்த்தத்துக்கு இருபத்தொரு சீர்த்தட்டு அலங்கரித்துத் தரக் கேட்டார். விஜயபாண்டி அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இது ஒண்ணு தேறட்டும், மாடி ரூம் ஒனக்குத்தான். தேறலைன்னா பசை, கத்திரி அம்புட்டையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுறணும்."

நிச்சயத்தன்று வேனில் ஆளுக்கு மூன்று தட்டை மடியில் ஏந்தி, மூச்சுவிட்டால் ஜிகினா பறக்குமே என்று பயந்தபடி போனோம், நானும்தான். தட்டு நிறைய ரோஸ் நிற ரோஜாக்கள். "எம்புட்டு மெத்துனு இருக்கு! என்ன துணி இது?" என்று தடவிப் பார்த்தார் யோகேஸ்வரி. "ஸ்பெஷல் துணிக்கா" என்றார் சிவரஞ்சனி. பொய் இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, மாப்பிள்ளையின் தாய்மாமன் சோலைச்சாமி பால்கோவாப் பெட்டியில் கட்டியிருந்த நூலை பிளேடால் அறுக்கும்வரை. நூல் அறுபடவில்லை, விரல் அறுபட்டது. "துணி, துணி!" என்று ஒரே கூச்சல். பக்கத்தில் நின்ற விஜயபாண்டி, தொழில் பழக்கத்தில், தட்டிலிருந்த ரோஜா ஒன்றைப் பிடித்து இழுத்தார். பூ உருண்டு, அவிழ்ந்து, ஒரு முழம் பேண்டேஜாக நீண்டது. விரலில் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டதோடு விட்டாரா? "நம்ம கம்பெனி சரக்குல்லா, ரத்தம் நின்னுரும்" என்றும் சொல்லிவிட்டார் மனிதர்.

மண்டபமே தட்டுப் பக்கம் திரும்பியது. "நிச்சயத் தட்டுல ஆஸ்பத்திரித் துணியா?" என்றார் யோகேஸ்வரி. மாடி அறை போயிற்று என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

சிவரஞ்சனி கண்ணை மூடினார். திறந்தார். உந்துதல் வந்துவிட்டது.

"அதுக்குத்தானக்கா வச்சேன்! விசேஷ வீட்டுல ஆத்திர அவசரத்துக்கு ஒரு துணி கெடைக்குமா? எங்க அத்தை கல்யாணத்துல மாமாவுக்குக் கையில வெட்டுப்பட்டு, துணி தேடி நான் ஓடுன ஓட்டம் இருக்கே... அன்னைக்கே இப்படி ஒரு பூ செய்யணும்னு தோணுச்சு!"

கண்ணீர் வேறு. யோகேஸ்வரியும் மூக்கை உறிஞ்சினார். சோலைச்சாமி, ஜிகினா மின்னும் ரோஸ் நிற விரலை எல்லாப் போட்டோவிலும் தூக்கிப் பிடித்தே நின்றார். நாலு பேர் சிவரஞ்சனியின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாளே பசையும் கத்திரியும் மாடிக்குக் குடிபோயின. சுமந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போன விஜயபாண்டி, "ஏட்டி, நான் இடுப்புல கட்டுற சாரத்தை எங்க?" என்று உள்ளிருந்து இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. ஆனால் இந்தக் கதை அச்சான தாள் கொஞ்சம் தடிமனாக இருக்கிறதே, மடித்தால் ரோஜா இதழ் நன்றாக நிற்குமே என்று ஓரத்தைத் தடவிக்கொண்டிருக்கும் அந்த விரலை முதலில் எடுங்கள்.