மேடுபள்ளம் அண்ணனும் வெள்ளிமலைக் குழாயும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சமதளம் என்று ஒன்று இருப்பதையே நம்பாத ஒரே மனிதர் எங்கள் மேடுபள்ளம் அண்ணன்தான். உளுந்தூர்பேட்டையில் சாப்பிட உட்கார்ந்தால், முதலில் மேசையில் தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்ப்பார்.

"ரெண்டு நூல் சாயுதுப்பா!"

"யாருங்க தொடைக்கறது?" என்பார் சாம்பார் வாளியோடு நிற்பவர்.

எங்கள் சர்வே அலுவலகத்தில் ரேடார் வண்டி தள்ளுவது அவர் வேலை. அது மண்ணுக்குள் அலையை அனுப்பி, புதைந்து கிடப்பதைத் திரையில் வளைகோடாகக் காட்டும்.

போன மழையில் வெள்ளிமலைப் பக்கம் ஓர் ஊரில் மண் சரிந்து, குடிநீர்க் குழாயின் வால்வுத் தொட்டியை மூடிவிட்டது. மழைக்கு முன் அடைத்த வால்வு, திறந்தால்தான் தண்ணீர். ஊரே ஓடைக்கு நடந்தது. எங்களுக்கு முன் வந்த குழு, திரையில் வளைவு தெரிந்த இடங்களில் நேராகக் கீழே தோண்டியது. மூன்று குழி. மூன்றிலும் வெறும் மண்.

அண்ணன் செருப்பைக் கழற்றினார். சரிவில் ரேடார் வண்டியைத் தள்ளி, அது போன தடத்தில் அடிக்கு ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைத்து, ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து எழுதத் தொடங்கினார். மதியமாகிவிட்டது. ஜேசிபி ஓட்டுநர் தூங்கி எழுந்து மறுபடி தூங்கினார்.

குடத்தோடு வந்த ஓர் அம்மா நின்று பார்த்தார். "இன்னாங்க, தண்ணி தேட வந்தீங்களா, மலைக்கு சட்ட தைக்க அளவு எடுக்கறீங்களா?"

எனக்கும் பொறுமை போய்விட்டது. "வளைவுதான் தெரியுதே அண்ணே, தோண்டிடலாமா?"

"வண்டி சாஞ்சிக்கினு நிக்குது. அலையும் சாஞ்சிதான உள்ள போவும்? நேரா கீழ தோண்டினா எப்பிடிடா கெடைக்கும்? அது மேலாண்ட, மலைக்குள்ள கீது."

உயரக் கணக்கைக் கணினியில் ஏற்றினார். பிறகு சரிவில் நாலடி மேலே ஏறிக் குதிகாலை ஊன்றினார்.

"அங்க ஒண்ணும் இல்லீங்களே," என்றார் ஓட்டுநர்.

"தோண்டுப்பா. இல்லன்னா என் பேரை மாத்திக்கறேன்."

"உங்க பேரே எங்களுக்குத் தெரியாதுங்களே!"

மார்பளவு ஆழத்தில் 'டங்' என்றது. இரும்பு மூடி! அண்ணன் குழிக்குள் குதித்துக் கையாலேயே சேற்றை வழித்தார். வால்வைத் திருகியதும், தெருக்குழாய் இருமியது, செம்மண்ணைத் துப்பியது, பிறகு தெளிந்து கொட்டியது. ஊரே கத்தியது.

கிண்டல் செய்த அந்த அம்மாவே முதல் சொம்பைக் கொண்டுவந்து நீட்டினார். "மொத தண்ணி நீங்க குடிங்க."

அண்ணன் வாங்கிக் குடித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பும்போது டீக்கடையில் ஒருவர் என்னிடம் கேட்டார், "சார் இன்னா வேலை பாக்கறீங்க?"

பதவியைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"அதோ நிக்கிறாரே, அவருகூட வேலை பாக்கறேங்க."