ஒன்றும் தெரியாது என்பதற்கான சான்று

2008-ஆம் வருடம், இளைஞர்கள் வீட்டிலிருந்தபடியே ஹிப் ஹாப் தாளம் அமைத்து வாழ்வில் உயர வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாயிற்று. எதனால் என்று யாரும் கேட்கவில்லை. முடிவான பிறகு கேட்பது வழக்கமில்லை. 'இல்லந்தோறும் தாளம்' என்று திட்டத்துக்குப் பெயர் வைத்து, திருவள்ளூரில் ஒரு பிரிவைத் திறந்து, மாடுகளுக்கான கோமாரித் தடுப்பூசிப் பிரிவிலிருந்த அருணாச்சலத்தைக் கண்காணிப்பாளராகப் போட்டார்கள். தகுதியுள்ளவர்களுக்கு, பீட் போடும் மூன்று சாஃப்ட்வேரில் ஒன்று இலவசம்.

பழவேற்காட்டில் நண்டு வியாபாரம் செய்யும் கிஃபாயத்துல்லாவின் மகள் உமைரா, அறிவிப்பைப் பேப்பரில் இரண்டு தடவை படித்தாள். அவள் ஏற்கெனவே பீட் போட்டுக்கொண்டிருந்தவள். புதுவாயலில் வாங்கிய ஒரு சிடியில் அதே மூன்று சாஃப்ட்வேரும் இருந்தன, மூன்றும் டெமோ. ஒன்றில் வரிசைக்குப் பதினாறு கட்டம். எந்தக் கட்டத்தைத் தொடுகிறோமோ அங்கே டிரம் விழும். இன்னொன்றில் ரெடிமேடாக இருக்கும் துண்டுகளை இழுத்து ஒட்ட வேண்டும். மூன்றாவதைத் திறந்ததும் விமானத்தின் முன்பக்கம் மாதிரி பொத்தான்கள் வந்து நின்றன, பயந்து மூடிவிட்டாள்.

கட்டம் போட்டது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வாப்பாவின் ஐஸ் பெட்டி மூடியைத் தட்டி, அந்தச் சத்தத்தை மொபைலில் பதிந்து, அதை வைத்தே ஒரு பீட் கட்டினாள். கேட்க ஷோக்காக இருந்தது. ஆனால் டெமோவில் எதையும் சேமிக்க முடியாது. கரண்ட் போனால் பீட்டும் போயிற்று. அந்த வருடம் கரண்ட் போகாத நாளே இல்லை. ஒரே பீட்டை அவள் முப்பது தடவை முதலிலிருந்து போட்டிருப்பாள்.

மூன்று பஸ் மாறி திருவள்ளூர் போனாள். அருணாச்சலம் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, விண்ணப்பத்தை அவரே நிரப்ப ஆரம்பித்தார்.

"மூணுல எது உனக்குத் தோதும்மா?"

"மொதலாவது சார். கட்டம் கட்டமா இருக்கும், கத்துக்க சுளுவு."

அவர் பேனாவை மூடினார். "சுளுவுன்னு எப்படித் தெரியும்?"

"போட்டுப் பாத்தேன் சார்."

"அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்குதே. ஒண்ணும் தெரியாதவங்களுக்குத்தாம்மா இந்தத் திட்டம். ஏழாவது விதி."

"போட்டுப் பாக்காம எதுன்னு எப்பிடி சார் சொல்றது?"

"பாக்காம சொல்லக் கூடாது. மூணையும் நல்லாப் பழகிட்டுத்தான் தேர்வு செய்யணும். அது நாலாவது விதி. நான் ஏழாவதைப் பத்திப் பேசிக்கினு இருக்கேன்."

ஆனாலும் அவரே ஒரு வழி சொன்னார். உமைராவுக்கு ஒன்றும் தெரியாது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி வந்தால் போதும் என்றார்.

அந்த அலுவலர் ராஜமாணிக்கம், ஒருத்தி இருக்கிறாள் என்றால் எழுதித் தரலாம், தெரியாது என்பதை எப்படிக் கண்ணால் பார்ப்பது என்று ஒரு வாரம் யோசித்தார். கடைசியில், 'மேற்படி பொருள் குறித்து எனக்குத் தெரிந்த அளவே இவருக்கும் தெரியும்' என்று எழுதி முத்திரை குத்தினார். திருவள்ளூரில் அதைத் திருப்தியாக ஏற்றுக்கொண்டார்கள்.

மிச்சமிருந்தது செய்முறைத் தேர்வு. மூன்று பேர் குழுவின் முன்னால் பீட் போட்டு, அது நன்றாக இல்லை என்று நிரூபிக்க வேண்டும். குழுவில் அருணாச்சலம் ஒருவர்; இசைக்கு, பள்ளியில் விசில் ஊதிப் பழக்கமுள்ள ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஜெயராஜ்; கணினிக்கு, தட்டச்சர் மேரி. உமைரா பத்து நாள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மோசமாகப் போடப் பழகினாள்.

தேர்வில் கோணல் மாணலாகத்தான் ஆரம்பித்தாள். ஜெயராஜ் முகம் சுளித்தார். மேரி காதைப் பொத்தினாள். காரியம் முடிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் மூன்றாவது வரிசையில் ஒரு டிரம் ஒரு கட்டம் பிந்தி விழுந்துகொண்டே இருந்தது, அவளால் அதைச் சகிக்க முடியவில்லை. அந்த ஒன்றை மட்டும் நகர்த்தினாள். அப்புறம் பக்கத்தில் இருந்ததை. பிறகு விண்ணப்பம், விதி, வந்த பஸ் எல்லாம் மறந்துபோய், மொபைலிலிருந்து ஐஸ் பெட்டிச் சத்தமும் ஏறி, முப்பது தடவை போட்ட பீட் முப்பத்தோராவது தடவையாக வந்துவிட்டது. அன்றைக்கென்று கரண்டும் போகவில்லை.

முடிந்ததும் ஜெயராஜ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுதினார்: 'மிக நன்றாக இருந்தது. எனவே நிராகரிக்கப்படுகிறது.'

"சார், இது முழு சாஃப்ட்வேர்தானே?" என்றாள் உமைரா. "இந்த ஒண்ண மட்டும் சேவ் பண்ணிக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அருணாச்சலத்துக்கு மனசு கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "சேமிக்கிற உரிமை பயனாளிக்குத்தாம்மா," என்றார். மேரியின் கை மவுஸ் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கம்ப்யூட்டரை அணைத்தாள்.

வருடக் கடைசியில் கணக்கெடுத்தபோது நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டிருந்தன. 'மாவட்டத்தில் தொடக்கநிலையாளர் எவருமில்லை' என்று அருணாச்சலம் உண்மையாகவே அறிக்கை அனுப்பினார். ஒரே வருடத்தில் எல்லோரையும் தேர்ந்தவர்களாக்கிய மாவட்டம் என்று மேலிடம் விருது கொடுத்து, திட்டத்தையும் நீட்டித்தது. தேர்ந்தவர்கள் பட்டியலில் உமைராவின் பெயரும் படமும் பேப்பரில் வந்தன.

மறுநாளே வீட்டு வாசலில் பெற்றோர் கூட்டம். தங்கள் பிள்ளைக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். உமைராவுக்கு ஆத்திரம் வந்தது.

"சாஃப்ட்வேர் கெடக்குது. மூணையும் பழகணும், ஒண்ணும் மண்டையில ஏறக் கூடாது. மொதல்ல அதக் கத்துக்கச் சொல்லுங்க."

கூட்டத்தில் ஒருவர் பயபக்தியோடு கேட்டார்: "அது எத்தினி மாச கோர்ஸும்மா?"

பொன்னேரியில் மாடியில் போர்டு மாட்டினாள். ஒன்றும் தெரியாமலிருக்க மூன்று மாதப் பயிற்சி. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து பையன்கள் நேரே வந்தார்கள். அருணாச்சலம் தன் மகனையே கொண்டுவந்து சேர்த்தார். அவள் மாணவர் ஒருவரும் திருவள்ளூர்த் தேர்வில் தோற்கவில்லை. அப்படி உண்மையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

ஒன்றரை வருடத்தில் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு முழு சாஃப்ட்வேர் வந்துவிட்டது. ஒருவருக்கும் பீட் போடத் தெரியாது. தெரிந்த ஒருத்திக்குக் காலையில் ஒரு பேட்ச், மாலையில் ஒரு பேட்ச், நேரமில்லை.