ஒரு மணி ஆவி

காலை ஏழு மணிக்குச் சசிகுமார் பால் வாங்கினான். பிரிட்ஜைத் திறந்தான். விளக்கு மங்கலாக எரிந்தது. பின்னால் கம்ப்ரசர் 'ங்ங்' என்று முனகி, 'டக்' என்று அடங்கியது. பாலைக் காய்ச்சிக் குடித்தான். மனைவி தமிழ்மதி இறந்தபின் இந்த நாற்பது நாளும் இதே காலைதான்.

வாசலில் மட்டும் இன்று திருவிழா. பிரிட்ஜ் சாமியாரைப் பார்க்க, திருப்பூரின் அந்த வீதியே வேலைக்கு லீவு போட்டிருந்தது. எதிர்ப் பனியன் கம்பெனி மட்டும் வழக்கம்போல் ஓடியது.

வீதியில் முனகும் ஒவ்வொரு பிரிட்ஜுக்குள்ளும் ஆவி இருக்கிறதாம். சாமியார் மந்திரம் சொன்னால் பிரிட்ஜ் ஓடுமாம். ஓடியது! மறுநாளே நின்றது. ஆவிக்கு முன்கோபம், மறுபடி பூஜை. காசு தொடமாட்டார், பற்றற்றவர். உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்வார்: திராட்சை, நெய், வஞ்சிர மீன். ஆவி தொட்ட மீனை வேறு யார் தைரியமாகச் சாப்பிடுவது?

எல்லாம் தமிழ்மதியின் ஆவிதான் என்று நேற்றுக் கண்டுபிடித்துவிட்டார். அவள் பிரிட்ஜைத் தன் ஆசிரமத்துக்கு ஏற்றிவிட்டால் வீதியில் எல்லாப் பிரிட்ஜும் குளிருமாம். டெம்போவும் வந்து நின்றது.

"என்னையக் கூட்டிட்டுப் போங்கன்னு அவளே அழுவுறா கண்ணு" என்றார் சாமியார்.

"குடுத்துருங்க தம்பி. உங்க சம்சாரத்தால எங்கூட்டுப் பாலு தெனமும் திரியுது" என்றாள் பக்கத்து வீட்டு வேலாத்தாள்.

சசிகுமார் பிரிட்ஜைப் பார்த்தான். கதவில் அவள் ஒட்டிய பூனைப் படம்.

"குடுக்கறனுங்க. இப்பவே ஒருக்கா ஓட வையுங்க சாமி."

"பதினோரு மணிக்கா? முகூர்த்தம் ஒரு மணிக்குத்தான் கண்ணு."

ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், சசிகுமார் முழுத் தேங்காய் பன் ஒன்றை நீட்டினான். மறுத்துப் பழக்கமில்லாத சாமியார் அப்படியே வாய்க்குள் திணித்தார். எதிர்க் கம்பெனியில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. நிட்டிங் மிஷின்கள் நின்றன. பிரிட்ஜ் விளக்கு பளிச்சென்றது. கம்ப்ரசர் 'கிர்ர்' என்று கிளம்பியது.

"மந்திரம் யாருங்க சொன்னாங்க? பன்னா?" என்றான் சசிகுமார்.

"ம்ம்... மனசுக்குள்ள..."

"செரிங்க. ரெண்டு மணிக்கு வாய்விட்டே சொல்லுங்க."

இரண்டு மணிச் சங்கு. மிஷின்கள் ஓடின. விளக்கு மங்கியது. கம்ப்ரசர் புதிதாகக் கிளம்புகிறதா என்று பார்க்க, சசிகுமார் பிரிட்ஜை நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி போட்டான். சாமியார் மந்திரத்தைக் கத்தினார். 'டக்.' தொண்டை கிழியக் கத்தினார். 'டக்.'

"மிஷின் ஓடுனா வோல்டேஜ் எறங்குது. நின்னா ஏறுது. அவ்வளவுதானுங்க" என்றான் சசிகுமார்.

வேலாத்தாள் இடுப்பில் கை வைத்தாள். "ஏனுங்க சாமி, ஆவியும் எதுத்த கம்பெனி ஷிப்டுலதான் வேலை செய்யுதுங்களா?"

வீதி விழுந்து விழுந்து சிரித்தது. சசிகுமாருக்கும் அடக்க முடியவில்லை. காலி டெம்போ கிளம்ப, சாமியார் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். "எம்மீனு எங்கீங்க!" என்று அவர் பின்னால் வேலாத்தாள்.

தமிழ்மதி அழுதாள் என்று சொன்னதெல்லாம் டெம்போவோடு போயிற்று. ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"மாமா, ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுங்க. சோத்து நேரத்துல மட்டும் வீதியில பிரிட்ஜ் ஓடுதே, ஏன்னு ஒருத்தராவது யோசிச்சீங்களா?"