மடிக்கணினிக்கு இட்ட குங்குமம்

ஃபேரர் பார்க்,
சிங்கப்பூர்.
ஞாயிற்றுக்கிழமை, முற்பகல்.

பெருமதிப்பிற்குரிய கொழுந்தனார் திலீப் அவர்களுக்குத் தங்கள் அண்ணி தங்கம் வரையும் மடல்.

இங்கு நானும், தங்கள் அண்ணன் இராமசாமி அவர்களும், எங்கள் மகள் ரக்ஷனாவும் உடலளவில் நலமே. மனத்தளவில் எவ்வாறு என்பது கீழ்வரும் பத்திகளால் தங்களுக்கு விளங்கும். தஞ்சோங் பகாரில் தாங்களும் துணைவியாரும் குறையொன்றுமின்றி இருக்க வேண்டுகிறேன். இதை வாட்ஸ்அப்பில் குரற்பதிவாக அனுப்பியிருக்கலாமே என்று தாங்கள் எண்ணக்கூடும். குரற்பதிவில் நாம் பேசுவதோடு அடுத்த வீட்டுக் குக்கர் கூவுவதும் சேர்ந்து பதிவாகிறது. எழுத்துக்கு அந்த இழிவு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் தங்கள் இல்லத்து விருந்தில், ரக்ஷனாவுக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியை நான் அறிவித்தபோது, மீன்தலைக் கறியைப் பரிமாறிக்கொண்டே தாங்கள் ஒரு வாசகம் உதிர்த்தீர்கள். "அண்ணி, லேப்டாப் வாங்குறது புடவை வாங்குற மாதிரி இல்ல லா. நான் வந்து பாத்துத் தரேன்." எல்லாரும் சிரித்தார்கள். சபை நாகரிகம் கருதி நானும் சிரித்தேன். புடவை வாங்குவது எளிது என்று தங்களுக்கு யார் சொன்னார்கள் என்பதைத் தனிக்கடிதத்தில் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் கணினித் துறையில் பணியாற்றுபவர் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் நான் உயர்நிலை இரண்டாம் ஆண்டோடு பள்ளியை விட்டவள். அதன்பின் கற்றதெல்லாம் நானாகக் கற்றது. பழைய ரவிக்கைகளைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்தே தையற்கலையைப் பயின்றேன், இன்று கடை வைத்திருக்கிறேன். சமூக மன்றத்தில் வரவேற்புரை என்றால் என்னைத்தான் அழைக்கிறார்கள். அவ்வாறிருக்க, மடிக்கணினியையும் பிரித்துப் பார்த்தால் விளங்காமலா போகும் என்று துணிந்தேன். கடையில் பிரிக்க அனுமதிக்கவில்லை என்பது வேறு.

எங்கள் வீட்டருகே கடைத்தொகுதி ஒன்றின் மூன்றாம் மாடியில் உள்ள கணினிக்கடைக்குக் குடும்பத்தோடு சென்றோம். தங்கள் அண்ணன், எதிர்க்கடையில் முதுகு பிடித்துவிடும் நாற்காலியை இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம் என்று எழுதியிருந்ததைக் கண்டு, சோதிக்கப் போனவர் கடைசிவரை சோதித்துக்கொண்டே இருந்தார். விற்பனையாளர் உமைர் என்னும் இளைஞர், நாகூரைப் பூர்விகமாகக் கொண்டவர், பண்பானவர். ரக்ஷனாவின் தேவை இரண்டு: பகலில் பேருந்திலும் பெருவிரைவு ரயிலிலும் தூக்கிச் செல்ல வேண்டும், மாலையில் வீட்டில் விளையாட வேண்டும். உமைர் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது, விளையாட்டுக்கென்றே பிறந்தது. திறந்ததும் தைப்பூச ரதம் போல விளக்குகள் ஓடின. உள்ளே விசிறி சுழலும் ஒலி கேட்டுப் பக்கத்தில் நின்றவர் மழை வருகிறதா என்று பார்த்தார். அதன் மின்னேற்றியைத் தனியாகக் கொண்டுவந்து வைத்தார்கள். அது மின்னேற்றி அன்று, செங்கல். இரண்டாவது, தாம்பாளம் போல மெல்லியது. விரல் நுனியில் தூக்கலாம், ஆனால் விளையாட்டு ஓடாது. மூன்றாவது நடுவாந்திரம்.

"ஆன்ட்டி, இது பதினாலு இன்ச். கிராஃபிக்ஸ் கார்டு தனியா இருக்கு, கேமும் ஓடும், தூக்கவும் முடியும். ரெண்டுக்கும் நடுவுல," என்றார் உமைர்.

ரக்ஷனாவின் கை அதன்மேல்தான் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், இரண்டு வேலையையும் செய்கிறேன் என்று சொல்வது எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்யாது, இஃது இரண்டுங்கெட்டான் என்று தீர்ப்பளித்தேன். அதற்கு அவள் சொன்ன பதிலை நேர்மை கருதி அப்படியே தருகிறேன். "அம்மா, நீங்க கடையப் பாக்குறீங்க, சமைக்கிறீங்க, மேடையில பேசுறீங்க. உங்களை யாராச்சும் இரண்டுங்கெட்டான்னு சொன்னாங்களா?" உமைர் திரும்பிக்கொண்டு அலமாரியைத் துடைத்தார். அதில் தூசி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எனினும் நான் அவசரப்பட்டு முடிவெடுப்பவள் அல்லேன். முதலாவதின் எடையையும் அந்தச் செங்கல்லின் எடையையும் உமைரிடம் கேட்டுக்கொண்டு தேக்காச் சந்தைக்கு நடந்தேன். கணினிக்குச் சமமாக அரிசியும் மின்னேற்றிக்குச் சமமாகத் துவரம்பருப்பும் வாங்கி, ரக்ஷனாவின் பழைய புத்தகப்பையில் வைத்துத் தங்கள் அண்ணனின் தோளில் மாட்டி, இங்கிருந்து தஞ்சோங் பகார் வரை போய் வருமாறு பணித்தேன். ரக்ஷனாவின் கல்லூரிப் பயணமும் ஏறக்குறைய அதே நீளம். நடுவில் ரயில் மாறும் தொல்லையும் உண்டு. அன்று தங்கள் பேட்டை வரை வந்த அண்ணன் ஏன் மாடிக்கு வரவில்லை என்று தாங்கள் வருந்தியதாக அறிந்தேன். காரணம் அரிசி. திரும்பும் வழியில் ரயில் மாறும் ஊட்ரம் பார்க் நிலையத்து மின்படியில் ஏறும்போது பையின் அடித்தையல் விட்டுவிட்டது. (அது நான் தைத்ததன்று, கடையில் வாங்கியது.) அரிசி படிகளில் அருவியாக இறங்க, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் கால் வைக்க இடமின்றித் தவிக்க, நிலைய ஊழியர் ஒருவர் ஓடிவந்து மின்படியை நிறுத்திவிட்டு, அங்கிள், பையில் என்ன என்று கேட்டிருக்கிறார். தங்கள் அண்ணன் ஒருபோதும் பொய் சொல்லாதவர். "லேப்டாப்" என்று சொல்லியிருக்கிறார். அதன்பின் அவரை ஓரமாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வீட்டில் யாரையாவது வரச்சொல்லலாமா என்று மிகுந்த கனிவோடு விசாரித்தார்களாம்.

ஆகவே கனமானது தள்ளப்பட்டது. நடுவாந்திரத்தை நான் முன்னரே தள்ளியிருந்தேன். தாம்பாளம் வாங்கப்பட்டது.

புதுப்பொருள் வாங்கினால் சாமி பாதத்தில் வைக்காமல் பயன்படுத்துவது நம் வழக்கமன்று. சிராங்கூன் சாலைக் கோயிலில் அர்ச்சகர் மூடியின்மேல் ஓர் ஓரமாகச் சந்தனமிட்டு ஆசி கூறினார். அவர் செய்தது அளவானது. அத்தோடு நான் விட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தபோது, மூடிக்கு வைத்தால் முதுகுக்கு வைத்ததுபோல் அல்லவா, முகத்துக்கு ஒன்றுமில்லையே என்று தோன்றியது. திரையின் உச்சியில், சரியாக நடுவில், சின்னஞ்சிறியதாக, வட்டமாக, பொட்டு வைப்பதற்கென்றே அளந்து செய்தாற்போல் ஓரிடம் இருந்தது. இதைச் செய்தவருக்கும் நம் பழக்கவழக்கம் தெரிந்திருக்கிறதே என்று மகிழ்ந்து, குழைத்த குங்குமத்தை அழுத்தமாக இட்டேன். அடிப்பக்கத்தில் வரிசையாகக் கோடுகள் இருந்தன. அவற்றில் திருநீற்றுப் பட்டை போலச் சந்தனத்தைத் தடவினேன். அவை காற்றுப் போகும் துவாரங்கள் என்பது எனக்குப் பின்னர் தெரிவிக்கப்பட்டது.

மறுநாள் கல்லூரியின் அறிமுகக் கூட்டம், இணையவழியில். ரக்ஷனா புத்தாடை அணிந்து அமர்ந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். எதிர்முனையில் எவருக்கும் அவள் தெரியவில்லை. செக்கச்செவேலென்று ஒரு மூட்டம் மட்டும் பேசியது. விரிவுரையாளர் உடல்நலம் விசாரித்தார். ஒரு மாணவர், அந்தி வானப் பின்னணி அழகாக இருக்கிறது, எங்கே கிடைக்கும் என்று கேட்டாராம். கூட்டம் முடிந்ததும் அவள் சமையலறைக்கு வந்து, குரலை உயர்த்தாமல், "அம்மா, கேமராவுக்குப் பொட்டு வச்சீங்களா?" என்றாள். உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன். ரவிக்கைத் துணியின் வெட்டுத்துண்டால் துடைத்தேன். முழுமையாகப் போகவில்லை. இன்றுவரை அந்த வகுப்பில் அவள் ஒருத்தி மட்டும் எந்நேரமும் நாணத்தால் சிவந்தவளாகக் காட்சியளிக்கிறாள்.

இதன்பின் அவள் விளையாட்டைப் போட்டுப் பார்த்தாள். படம் நிற்கும், நகரும், மீண்டும் நிற்கும். மாற்றி வாங்கலாம் அம்மா, அதற்குக் கடை தந்த கெடு இன்னும் முடியவில்லை என்றாள். சரியென்று கடைக்குத் தூக்கிச் சென்றோம். உமைர் அதைக் கவிழ்த்துத் தட்டினார். மேசைமேல் சந்தனம் உதிர்ந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். "ஆன்ட்டி, மத்ததெல்லாம் ஓகே. ஆனா கோயில் வாசனை வருது. இது புதுசுன்னு மேனேஜர்கிட்ட நான் எப்படிச் சொல்றது?" நியாயமான கேள்வி. கணினியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீடு திரும்பும் வழியில் ரக்ஷனாவிடம் அறிவுரை கூறினேன். விளையாட்டு என்பது பொழுதுபோக்கு, அதற்காக இவ்வளவு வாட்டம் கூடாது என்றேன். அப்போதுதான் அவள் முனீராவைப் பற்றிச் சொன்னாள். தங்களுக்கு நினைவிருக்கும்: எங்கள் கீழ்மாடி நூருல் அமீன் அவர்களின் மகள், தொடக்கப்பள்ளியில் தொடங்கி ரக்ஷனாவோடு ஒரே பையில் சாப்பாடு எடுத்துச் சென்றவள். இவ்வாண்டு குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குக் குடிபெயர்ந்துவிட்டாள். இருவரும் அந்த விளையாட்டுக்குள்தான் மாலைதோறும் சந்தித்துக்கொள்வார்களாம். சந்திக்க வேண்டுமானால் தொலைபேசி இல்லையா, நான் எழுதுவதுபோல் ஒரு கடிதம் எழுதக்கூடாதா என்று கேட்டேன்.

"போன்ல என்னம்மா பேசுறது? சாப்டியா, தூங்குனியா, அவ்ளோதான், முடிஞ்சிடும். கேம்ல ரெண்டு பேரும் சும்மா நடந்துக்கிட்டே பேசுவோம். ஸ்கூல் விட்டு நடந்து வருவோமே, அந்த மாதிரி. இப்ப அவ முன்னாடி போயிடுறா, நான் நின்னுடுறேன்."

நான் இதைப் பரிசீலித்தேன். பரிசீலித்து, படிப்பே பிரதானம் என்றும், இருக்கும் கணினி படிப்புக்குப் போதுமானது என்றும், விளையாட்டுக் கணினி என்ற பேச்சு இவ்வீட்டில் இனி எழலாகாது என்றும் முடிவு செய்துள்ளேன். அவளும் இப்போது அமைதியாகிவிட்டாள். வருகிறாள், சாப்பிடுகிறாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். இதை நான் மனமுதிர்ச்சி என்று கொள்கிறேன். ஆகவே, "வர்ற சனிக்கிழமை வரேன், ஏதாவது செய்யலாம் அண்ணி" என்று தாங்கள் அண்ணன் மூலம் தூது விட்டதை நன்றியுடன், ஆனால் உறுதியுடன், மறுக்கிறேன். நான் தேர்ந்தெடுத்தது சரியானதே. இந்த மடலைக் குடும்பத்தார் முன்னிலையில் தாங்கள் வாசிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வாசிக்க வேண்டும் என்பதே என் அவா.

தங்கள் இல்லத்தில் எல்லா வளமும் தங்குக. துணைவியாரிடம் என் அன்பைக் கூறவும். அவர் கேட்ட ரவிக்கை தயார், கழுத்து அவர் சொன்னதைவிடச் சற்று ஏற்றியே வைத்திருக்கிறேன், அதுதான் அவருக்கு எடுக்கும்.

இங்ஙனம்,
தங்கள் நலம் விழையும் அண்ணி,
தங்கம் இராமசாமி

பின்குறிப்பு: மேற்கண்டவற்றை யார் முன்னிலையிலும் வாசிக்க வேண்டாம்.

உறையை ஒட்டுவதற்குப் பசை தேடி ரக்ஷனாவின் அறைக்குப் போனேன். அவள் ரொட்டி வாங்கக் கீழே போயிருந்தாள். கணினி திறந்திருந்தது, அதற்குள்ளிருந்து "ரக்ஷு, இருக்கியா?" என்று ஒரு குரல். வீட்டில் ஆளிருக்கப் பதில் சொல்லாமலிருப்பது மரியாதையன்று ஆதலால், ரக்ஷனாவின் தாயார் பேசுகிறேன் என்றேன்.  பேசியது முனீராதான்: "ஆன்ட்டி... இங்க ஸ்கூல்ல யாருமே தமிழ் பேச மாட்டாங்க ஆன்ட்டி. எதாச்சும் பேசுங்க லா. என்ன வேணா பேசுங்க."

திலீப், நான் எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன். யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.  இன்னிக்கு என்ன குழம்புன்னு சொன்னேன். அவள், புளி அதிகமா போட்டீங்களா ஆன்ட்டி, ரக்ஷு திட்டுவாளே என்றாள். திரையில் ஒரு பாலம் தெரிந்தது. அதன் நடுவில் ஒரு சின்ன உருவம் இந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தது. அதுதான் அவளாம். வாங்க, நடக்கலாம், மேல இருக்குற அம்புக்குறிய அழுத்துங்க என்றாள். அழுத்தினேன். இரண்டடி வைத்திருப்பேன். படம் நின்றது. குரலும் நின்றது. நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

ஆகவே சனிக்கிழமை அவசியம் வரவும். அந்தப் பதினாலு இன்ச் கணினிதான் வேண்டும். உமைரிடம் சொல்லி எடுத்துவைக்கச் செய்துவிட்டேன். தாம்பாளத்தை நான் வைத்துக்கொள்கிறேன், தமிழில் தட்டச்சு செய்யக் கற்கப் போகிறேன், எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாங்களும் கடையில் கருத்து எதுவும் கூறலாகாது. அவள் பக்கத்தில் நின்றால் போதும், அவளே பார்த்து வாங்கட்டும்.

நான் உடன் வரவில்லை. நான் வராததை ரக்ஷனாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம். கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டு எதிரில் நான் நிற்பேன்.