வீட்டை நகர்த்திய பாண்டித்துரை

பத்து மணிக்கு ஆபீசர்கள் வருவதாக இருந்தது. ஒன்பதே காலுக்கு இந்துமதி குளித்துவிட்டு வந்து ஹாலின் நடுவில் நின்றுகொண்டு, "அத்தான், நம்ம வீட்ட எங்க கொண்டு போய் வச்சிய?" என்று கேட்டாள்.

கேட்டது மில்லர்புரத்தில் பாதிப் பேருக்காவது கேட்டிருக்கும். இந்துமதிக்குச் சிறு வயதிலிருந்தே காது மந்தம். பிறகு பார்வையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இரண்டும் அடியோடு நின்று நாலு வருஷமாகிறது. பேச்சு மட்டும் பழையபடி கணீரென்று வரும். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அவள் உள்ளங்கையில் விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுத வேண்டும். இந்த ஏற்பாட்டில் பாண்டித்துரைக்கு ஒரே ஒரு குறை. சண்டை வந்தால் அவள் கையை மூடிக்கொள்வாள். அதற்கப்புறம் நியாயம் எவ்வளவுதான் அவர் பக்கம் இருந்தாலும் எழுத இடம் கிடையாது.

இப்போது கை திறந்திருந்தது. 'சாமான்களை ஒதுக்கினேன்' என்று பாண்டித்துரை எழுதினார். எழுதி முடிக்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

"யாரக் கேட்டு ஒதுக்கினிய?"

'ஆபீசர்' என்று எழுத ஆரம்பித்தார். இரண்டாவது எழுத்திலேயே கை மூடிக்கொண்டது.

விஷயம் இதுதான். பார்வையும் செவித்திறனும் சேர்ந்து இல்லாதவர்களுக்கென்று முத்தையாபுரத்தில் புதிதாக ஒரு பயிற்சி மையம் திறக்கப் போகிறார்கள். அங்கிருந்து செவ்வாய்க்கிழமை பாண்டித்துரையின் போனுக்கு ஒரு வாட்ஸ்அப் வந்தது. 'இந்துமதி அவர்களின் விண்ணப்பம் தொடர்பாக வெள்ளி காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறோம்.' இந்துமதியிடமும் ஒரு போன் உண்டு. கூடவே, விரலுக்கடியில் புள்ளி புள்ளியாக எழுத்து எழும்பும் பிரெய்ல் மெஷின் ஒன்றும் உண்டு. அதில் அவள் யாருக்கு என்ன எழுதுகிறாள் என்பது பாண்டித்துரைக்குத் தெரியாது. என்ன விண்ணப்பம் என்று கேட்டதற்கு, "எல்லாம் முடியட்டும், சொல்லுதேன்" என்று சொல்லிக் கையை மூடிக்கொண்டாள்.

மனசு கேட்காமல் விளாத்திகுளத்திலிருக்கும் மைத்துனர் ராஜபாண்டிக்குப் போன் போட்டார். ராஜபாண்டிக்கு எதுவும் தெரியாது. ஆனால் தெரியாததையும் அடித்துச் சொல்லுகிற ஆள்.

"இதுல என்ன சந்தேகம் மாப்ள? ஹாஸ்டல்ல சேரத்தான் எழுதிப் போட்டிருப்பா. வீட்ட பாக்க வாராவன்னா, வீட்டுல வச்சு ஒழுங்கா பாக்கியளான்னு பாக்க வாராவ. சரியில்லன்னு எழுதிட்டா ரெண்டு வருஷம் அங்கனதான்."

இரண்டு வருஷம்! பாண்டித்துரைக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. முன்பக்கம் ஹார்டுவேர் கடை, பின்பக்கம் வீடு, இரண்டுக்கும் நடுவில் இந்துமதி. இதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். அவள் போய்விட்டால் கடையைப் பூட்டிவிட்டு வந்து யார் கையில் எழுதுவது?

அதனால்தான் வெள்ளிக்கிழமை காலை அவள் குளிக்கப் போன நேரத்தில் சோபா, சாப்பாட்டு மேஜை, நாற்காலி, பிரிட்ஜ் எல்லாவற்றையும் சுவரோரம் தள்ளினார். தடுக்கி விழ ஒரு பொருள் இல்லையே என்று ஆபீசர்கள் மெச்ச வேண்டும் என்பது திட்டம். அந்தச் சாமான்கள்தான் இந்துமதிக்குப் பாதை என்பதை மறந்துவிட்டார். சோபா முதுகைத் தொட்டு இரண்டு எட்டு, நாற்காலி, அங்கிருந்து மூன்று எட்டு, பிரிட்ஜின் குளிர்ந்த கதவு, அடுத்தது சமையலறை. மனிதர் அவ்வளவையும் பெயர்த்துவிட்டார். அவள் கையை நீட்டினால் வெறும் காற்று.

உலகத்தில் கயிற்றாலும் ஆணியாலும் சரிசெய்ய முடியாத விஷயம் ஒன்று உண்டென்று பாண்டித்துரை நம்புவதில்லை. கடைக்கு ஓடிப் பத்து மீட்டர் நைலான் கயிறு வெட்டிவந்தார். படுக்கையறை ஜன்னலிலிருந்து சமையலறை ஜன்னல்வரை, பிடித்துக்கொண்டு நடக்க வாகாக, இழுத்துக் கட்டினார்.

அதற்குள் வாஷிங் மெஷினின் அதிர்வு நின்றதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்துமதி துணி வாளியோடு வந்தாள். அவள் கையில் கயிறு தட்டுப்பட்டது.

"கொடி கட்டினியளா? இதச் சொன்னா என்ன? மாடி ஏற வேண்டாம்லா."

ஈரப் போர்வையை உதறிக் கயிற்றில் போட ஆரம்பித்தாள். பாண்டித்துரை பதறிப்போய் ஓடினார். இரண்டு கையிலும் ஈரத்துணி வைத்திருப்பவளிடம் எங்கே எழுதுவது? தோளில் இரண்டு தட்டு தட்டினார். 'நான் இங்கே இருக்கிறேன்' என்பதற்கு அவள் சொல்லிக்கொடுத்த அடையாளம் அது.

"தெரியுது. சும்மா நிக்காம கிளிப்ப எடுங்க."

எடுத்துக் கொடுத்தார். வேறு என்ன செய்வார்?

கடைசித் துணிக்கும் கிளிப் மாட்டியபோது வாசலில் பெல் அடித்தது. ஆபீசர்கள் இருவரும் இரண்டு சேலை, ஒரு போர்வை, பாண்டித்துரையின் நாலு பனியன்கள் ஆகியவற்றை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். முன்னால் வந்த அம்மா பெயர் அமலோற்பவம். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியெல்லாம் ஈரம். பின்னால் பைலோடு வந்த இளைஞர் ஜெயகணேஷ். அவர் தலையில் ஒரு கிளிப் தொங்கியது.

"வாங்க, வாங்க. டீ போடச் சொல்லுதேன்" என்றார் பாண்டித்துரை.

சமையலறைக்குள் போன இந்துமதி போன வேகத்தில் திரும்பி வந்தாள். "என் அடுப்படிய யாரோ வெலைக்கு வாங்கிட்டாவ போல. ஒரு டப்பாவும் என்னோடது இல்ல."

அதுவும் பாண்டித்துரையின் வேலைதான். ஆபீசர்கள் கண்ணுக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று காலையில் கையோடு எல்லாவற்றையும் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாக்களுக்கு மாற்றி, மூடியில் சிவப்பு மையால் பெரிதாகப் பெயர் எழுதியிருந்தார். மூடும்போது எந்த மூடி எதற்கு என்று பார்க்கவில்லை. டீயை அவரே போட்டுக் கொண்டுவந்தார். ஜெயகணேஷ் ஒரு மடக்குக் குடித்துவிட்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூத்துக்குடி உப்புக்குத் தனி ருசிதான்" என்று அமலோற்பவம் டம்ளரைக் கீழே வைத்தார்.

பிறகு அவர் இந்துமதியின் கையை எடுத்து மளமளவென்று எழுதினார். இந்துமதி சிரித்தாள். பாண்டித்துரைக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. தான் எழுதும் வேகத்துக்குச் சிரிப்பு வந்து சேருவதற்குள் விஷயம் ஆறிப்போகும்.

"அத்தான், எல்லாத்தையும் பழைய எடத்துல வைங்க. சோபாவ மொதல்ல" என்றாள் இந்துமதி.

அவர் சோபாவைத் தள்ள ஆரம்பித்தார். இந்துமதி ஜெயகணேஷைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையை நீட்டினாள். "ஒங்க பேர எழுதுங்க. அழுத்தாதீங்க தம்பி, இது கை, செவுரு இல்ல. ஒரு எழுத்து முடிஞ்சா கொஞ்சம் நிறுத்துங்க. ஆங், அப்படித்தான்."

பாண்டித்துரை பிரிட்ஜைத் தள்ளியபோது, ஜெயகணேஷ் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இந்துமதியின் முழங்கையைப் பிடித்தபடி நாற்காலியைத் தடவிக்கொண்டு வந்தார். "பயப்படாதீங்க, அடுத்து ஜில்லுன்னு ஒண்ணு வரும்" என்று அவள் சொல்ல, அவர் தடவியது பாண்டித்துரையின் வேர்த்த முதுகை. அமலோற்பவம் ஒரு மூலையில் நின்று எழுதிக்கொண்டே இருந்தார். பக்கம் திரும்பத் திரும்ப பாண்டித்துரைக்கு உயிர் போய் உயிர் வந்தது. இவ்வளவு எழுதுகிறார்கள் என்றால் வீட்டைப் பற்றி நல்லதாகவா இருக்கும்?

இந்துமதி டப்பாக்களைச் சரிசெய்யச் சமையலறைக்குள் போனாள். அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும் பாண்டித்துரை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், அவளக் கூட்டிட்டுப் போயிராதிய. இன்னைக்கு நடந்த கூத்து எல்லாம் என்னால. அவளுக்கு வீடு அத்துப்படி. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல. அவ இல்லன்னா இங்கன தடவிட்டுத் திரியப் போறது நான்தான்." நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "நான் மெதுவாத்தான் எழுதுதேன். ஆனா தெனமும் படிக்கேன் மேடம். இன்னும் ஆறு மாசம் டயம் தாங்க."

அமலோற்பவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது ஈரப் போர்வையின் ஈரமாக மட்டும் இருக்காது.

"எங்க கூட்டிட்டுப் போறோம்?"

"ஹாஸ்டலுக்கு. ரெண்டு வருஷம்னு என் மச்சான் சொன்னாரு."

ஜெயகணேஷ் தலையிலிருந்த கிளிப்பை எடுத்துவிட்டு, பைலைத் திறந்து ஒரு தாளை வெளியே எடுத்தார்.

"ஹாஸ்டலா? எங்க சென்டர்ல டீச்சர் வேலைக்கு அவங்கள இன்டர்வியூ பண்ணல்லா வந்திருக்கோம் அண்ணாச்சி. முன் அனுபவம்னு கேட்ட எடத்துல, 'நாலு வருஷம், ஒரே ஒரு மாணவர், லேசுல மண்டையில ஏறாது, ஆனா ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல'ன்னு எழுதியிருக்காங்களே, அது யாரு?"