செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாட்களில்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் சுகத்தை ஒரு வரியில் எழுதிவிட முடியாது என்பதால்தான் அஞ்சலட்டையை வைத்துவிட்டு முழுத்தாள் எடுத்திருக்கிறேன். உன் அண்ணிக்கு இடுப்பு வலி, எனக்கு முழங்கால் வலி, இரண்டு பேருக்கும் பொதுவாக நீ பிடித்துக் கொடுத்த வலி ஒன்று. மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நம் வீட்டு முன்னறை சும்மாதானே கிடக்கிறது, சுகாதாரத் துறைக்கு விட்டால் நாலு பேருக்கு நல்லது, வயதான காலத்தில் உங்களுக்கும் வீட்டிலேயே நர்ஸ் இருந்த மாதிரி ஆச்சு என்று சொல்லி, நீ அங்கிருந்தபடியே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. நர்சம்மா வருவது செவ்வாயும் வெள்ளியும் மட்டும். மற்ற ஐந்து நாளும் முன்னறை பூட்டிக் கிடக்கும். ஆனால் வாசலில் 'சுகாதார நிலையம் - விசாரணை' என்று எழுதி அம்புக்குறி போட்ட பலகைக்குப் பூட்டு கிடையாது. அந்த அம்பு முன்னறையைக் காட்டும்படிதான் அடித்தார்கள். ஒரு ஆணி கழன்று, பலகை சாய்ந்து, இப்போது அது நேராக நம் சமையலறை ஜன்னலைக் காட்டுகிறது. துறைக்கு எழுதிப் போட்டேன். ஆணி எங்கள் பொறுப்பு, சுவர் உங்கள் பொறுப்பு, ஆணி சுவரில் இருப்பதால் ஆராய்ந்து சொல்கிறோம் என்று பதில் வந்தது. இன்னும் ஆராய்கிறார்கள்.

ஆக, காலையில் உன் அண்ணி அடுப்பைப் பற்றவைக்கும்போதே ஜன்னலில் ஒரு தலை தெரியும். "இன்னைக்கு ஊசி உண்டா?" இதுதான் முதல் கேள்வி, எட்டு மாதமாக மாறாத கேள்வி. அடுத்தது, "கொசு மருந்து அடிக்கிற வண்டி எங்க தெருவுக்கு எப்ப வரும்?" அதற்கடுத்தது, "குழந்தைக்கு ஊசி போட்டதிலிருந்து காய்ச்சலடிக்குது, ஊசி வேலை செய்யுதா இல்லையா?" ஒருவர் பையில் செத்த எலியோடு வந்து இதை எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டார். நான் தெரியாது என்றதும், தெரிந்த பிறகு சொல்லுங்கள் என்று எலியை வைத்துவிட்டுப் போனார். ஒரு பெரியவர் தினமும் எட்டரை மணிக்கு வந்து, கண் ஆபரேஷனுக்குத் தன் முறை வந்துவிட்டதா என்று கேட்பார். உள்ளே பட்டியல் ஒட்டியிருக்கிறது, செவ்வாய்க்கிழமை வந்து படித்துப் பாருங்கள் என்றேன். "படிக்கத் தெரியுற மாதிரி கண்ணு இருந்தா நான் எதுக்குப்பா பேர் குடுக்கிறேன்" என்றார்.

ஒரு அம்மாள் தெருக்குழாய்த் தண்ணீரைப் பரிசோதனைக்கு என்று பாட்டிலில் பிடித்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உன் அண்ணி அது நம் பாட்டில் என்று நினைத்து டீ போட்டுவிட்டாள். நான் குடித்தும்விட்டேன். மூன்று நாள் என் வயிறுதான் பரிசோதனைக்கூடம். முடிவு தெரிந்த பிறகு அந்த அம்மாளிடம் தண்ணீர் சரியில்லை என்று சொன்னேன். இவ்வளவு சீக்கிரம் எந்த ஆபீசிலும் ரிசல்ட் கொடுத்ததில்லை என்று அவர் தெரு முழுக்கச் சொல்லி, மறுவாரம் பதினோரு பாட்டில் வந்தது. இதற்கு மேல் ஒரு நாள் ஃபிரிட்ஜைத் திறந்தால் பால் பக்கத்தில் மூடி போட்ட சின்ன டப்பா ஒன்று, உள்ளே மஞ்சளாக ஏதோ, மேலே யாருடைய பெயரோ, கீழே 'காலை, முதல்' என்று எழுதியிருந்தது. யார் கொண்டு வந்தது, யார் உள்ளே வைத்தது என்று இன்று வரை தெரியவில்லை. உன் அண்ணி அந்தப் பாலையும் கொட்டினாள், அடுத்த நாள் பாலையும் கொட்டினாள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. இனிமேல் எழுதப் போவது அப்படியல்ல. நான் முப்பத்திரண்டு வருஷம் எடையளவுத் துறையில் இருந்தவன். தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தினவன். நூறு கிராமுக்கு இரண்டு கிராம் குறைத்துப் போட்ட கடைக்காரனைக்கூட நான் விட்டதில்லை, உனக்கே தெரியும். ரிட்டயரான பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மளிகைக்கடைக்காரன்கூட நான் உள்ளே நுழைந்தால் தராசை மறைக்காமல் இருக்கப் பழகிவிட்டான். அப்படியிருக்கும்போது தினமும் இருபது பேர் வாசலில் வந்து நின்று, "ஐயா, உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க" என்றால் மனுஷனுக்கு என்ன ஆகும். முதல் மாதம் தெரியாது என்றேன். இரண்டாவது மாதம் நர்சம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மூன்றாவது மாதத்திலிருந்து கேட்காமலே சொல்ல ஆரம்பித்தேன். சொன்னதில் பாதி சரியாக இருந்தது. பாதி சரியாக இருப்பதைப்போல மனுஷனைக் கெடுக்கிறது வேறு ஒன்றும் இல்லை. உன் அண்ணி ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே, "தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னா நாக்கு என்ன தேஞ்சா போயிடும்?" என்றாள். கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது, நீ உன் வேலையைப் பார் என்றேன். நான் அப்படிச் சொன்னேன் என்று எழுதவே கை கூசுகிறது.

ஒரு புதன்கிழமை காலை, தோளில் ஏணியும் கையில் டப்பாவுமாக ஒரு பெயின்டர் வந்தார். நாற்பது வயசிருக்கும். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினார். கெண்டைச் சதையில் பல் பதிந்த தடம், நாலு இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

"நாய் லேசாப் புடிச்சிடுச்சுங்க. இன்னைக்கு ஊசி உண்டா?"

"வெள்ளிக்கிழமைதான்."

"அதுவரைக்கும் ஒண்ணும் ஆகாதுங்களே?"

தம்பி, அந்த இடத்தில் தெரியாது என்ற ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். நான் குனிந்து காயத்தைப் பார்த்தேன், தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி. "லேசாத்தானே பட்டிருக்கு. வெள்ளிக்கிழமை போதும்" என்றேன். அதோடு விட்டேனா, உள்ளே போய்த் துணி எடுத்து வந்து இறுக்கக் கட்டியும் விட்டேன். அவர் கும்பிட்டு, "நல்லதுங்க டாக்டர்" என்றார். நான் திருத்தவில்லை. அன்று முழுக்க அந்த வார்த்தை என் காதில் இனித்துக்கொண்டே இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் வியாழன். மறந்து வைத்துவிட்ட பதிவேட்டை எடுக்க நர்சம்மா வந்தார். நான் நேற்றைய கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவர் பதிவேட்டை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நாய்க்கடிக்குக் கிழமை ஏதுங்க சார்? அன்னைக்கே போடணும். பெரிய ஆஸ்பத்திரில எந்நேரமும் மருந்து இருக்கு. புண்ணைக் கழுவினாரா?"

"நான் கட்டு போட்டுவிட்டேன்."

"கட்டவே கூடாது. சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவணும். அந்த நோய் வந்துட்டா அப்புறம் காப்பாத்த வழியில்ல சார். வராம தடுக்கத்தான் ஊசி." அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவர் பேர் என்ன?"

"கேக்கலை."

"எந்தத் தெரு?"

"கேக்கலை."

"பின்ன என்னதான் கேட்டீங்க?"

நான் ஒன்றும் கேட்கவில்லை தம்பி. ஏழு மாதமாக எல்லோரும் என்னைக் கேட்டார்கள், நான் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. நர்சம்மா, இன்னும் நேரம் இருக்கிறது, இன்றைக்கே ஆளைப் பிடித்து அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு, தானும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட ஓடினார்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உன் அண்ணியும் வீட்டுச் செருப்போடு கூடவே வந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பெயின்ட் கடையில் விசாரித்தோம். "ஏணி வெச்சிருக்கிற பெயின்டர் இந்தப் பக்கம் அறுபது பேர் இருப்பாங்க" என்றார் கடைக்காரர். பள்ளிக்கூட மதிலோரம் ஏணிமேல் ஒருவர் நிற்பதைப் பார்த்து நான் ஓடிப்போய், கூப்பிட நேரமில்லாமல், அவர் கால்சட்டையைத் தூக்கிக் கெண்டைக்காலைப் பார்த்தேன். அவர் பெயின்டர் இல்லை, கரண்ட் கம்பி பழுது பார்க்கிறவர். உதைத்தார். உதைத்தது நியாயம். பிறகு பஸ் நிறுத்தத்தில், சந்தையில், கட்டடம் கட்டுகிற இடத்தில் என்று எத்தனை ஆண்களின் காலைப் பார்த்தேன் என்று கணக்கில்லை. ஒரு காவலாளி என்னைப் பிடித்து உட்காரவைத்து, "பெரியவரே, வீட்ல யாராச்சும் இருக்காங்களா?" என்று பரிவாகக் கேட்டார். இருக்கிறாள், அதோ வருகிறாள் என்று காட்டினேன். உன் அண்ணியைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

வெயில் ஏறிவிட்டது. என் முழங்கால் மடங்க மறுத்தது. நான் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஆள் என் பேச்சை நம்பித் தன் சாவைக் காலில் கட்டிக்கொண்டு எங்கேயோ சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார், நான் அந்தக் கட்டை எவ்வளவு இறுக்கமாகக் கட்டினேன் என்பதுதான் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அப்போது உன் அண்ணி, "அந்த டப்பாவுல வழிஞ்சிருந்த பெயின்ட் என்ன கலரு, பார்த்தீங்களா?" என்றாள். பார்க்கவில்லை. "நான் ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். இளம்பச்சையில கொஞ்சம் சாம்பல் கலந்தாப்ல. யாரும் வீட்டுக்கு அடிக்கிற கலர் இல்ல அது." திரும்பவும் பெயின்ட் கடைக்குப் போனோம். கடைக்காரர் கேட்டதுமே சொன்னார். "அது பழைய துணி மில்லுக்குப் போகுது. அவங்களைத் தவிர யாரும் வாங்கறதில்ல."

மில் சுவரில், மூன்றாவது மாடி உயரத்தில், சாரத்தின்மேல் அவர் இருந்தார். நான் கத்தினேன். மில் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து, "நாய், நாய்" என்று கத்தினேன். தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். அவர் மட்டும் குனிந்து பார்த்துச் சிரித்து, நிதானமாக இறங்கி வந்தார்.

"வாங்க டாக்டர். வெள்ளிக்கிழமைன்னுதானே சொன்னீங்க?"

"நான் டாக்டர் இல்லப்பா."

"கம்பவுண்டரா?"

"அதுவும் இல்ல. தராசுக்கு முத்திரை குத்தினவன். எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். நீ உடனே ஊசி போடணும்."

அவர் சிரிப்பு மெதுவாக இறங்கியது. கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தூரிகையை டப்பாவின்மேல் குறுக்கே வைத்தார். "எங்க வீட்ல ரெண்டு பொண்ணுங்க ஐயா, சின்னதுக்கு நாலு வயசு" என்றார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். உன் அண்ணி அவரை மில் குழாயடிக்கு இழுத்துப்போய், கட்டை அவிழ்த்து, சோப்பு வாங்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம் கழுவ வைத்தாள். பதினாலாவது நிமிஷத்தில் போதுமே என்றவரை அவள் விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைச் சுற்றியும் தோளிலும் ஊசி போட்டுவிட்டு, ஒரு நாள் வீணாகிவிட்டது, யார் சொல்லித் தாமதித்தீர்கள் என்று கேட்டார். பெயின்டர் என்னைப் பார்க்காமல், "நானேதாங்க, வேலை இருந்துச்சு" என்றார். நான் வாயைத் திறந்து, இவர் இல்லை, நான்தான் என்றேன். டாக்டர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.

கடித்த நாய் எது என்று தெரியவே இல்லை. அதனால் மீதி ஊசிகள் முடியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் அவர் வந்தாரா என்று ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். போன வியாழக்கிழமை கடைசி ஊசி. நன்றாக இருக்கிறார். காலை வீசி நடக்கிறார். என்னைக் கண்டால் தலையாட்டுகிறார், பேசுவதில்லை.

ஆகையால் தம்பி, இதுதான் என் முடிவு. இந்தக் கடிதம் கண்டதும் துறைக்கு எழுதி ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடு. பலகையைக் கழற்றிக்கொண்டு போகச் சொல். நான் ஜன்னலில் ஒரு அட்டையில் 'இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது' என்று பெரிதாக எழுதி மாட்டினேன். முந்தாநாள் ஒரு பெண் அதை நின்று நிதானமாகப் படித்துவிட்டு, "எப்ப வந்தா தெரியும்?" என்று கேட்டாள். இந்த ஊரில் இனி என்னால் ஆகாது. எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு பூட்டிய வாசலும் யாரும் கேள்வி கேட்காத ஒரு காலைப் பொழுதும்தான்.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கற்கட்டும். உன் அண்ணி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். விசாரணை என்ற வார்த்தையே எனக்கு இப்போது ஒத்துக்கொள்வதில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது துறையிலிருந்து ஒரு அதிகாரியும் இரண்டு ஆட்களும் வந்துவிட்டார்கள். மக்கள் வருகை போதாது என்று நிலையத்தை மூடுகிறார்களாம், மேஜை நாற்காலியை ஏற்ற வண்டி நிற்கிறது. செவ்வாயும் வெள்ளியும் வந்தவர்கள் மட்டும்தான் அவர்கள் பதிவேட்டில் இருக்கிறார்கள். அடுத்த நிலையம் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறது. இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு பெண், "இனிமே நாங்க எங்க போகணும்?" என்று அதிகாரியைக் கேட்டாள். "விசாரிச்சுக்குங்க" என்றார். அவள் என் பக்கம் திரும்பினாள். மேலே எழுதியது எதையும் மனதில் வைக்காதே. காலி செய்வதற்கு முன் அவகாசம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்து உடனே பிரதி அனுப்பு. அது வரும்வரை மேஜையை எடுக்க முடியாது. உன் அண்ணி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள்.