கூட்டித் தந்த பத்தாயிரம்

பதினாலு வருஷத்துக்குப் பிறகு முதலாளியிடம் சம்பளம் கூட்டிக் கேட்பது என்று முடிவெடுத்தேன். எடுத்தது நான். எடுக்க வைத்தது என் மனைவி சுல்பிகா.

எனக்குக் கல்முனை பஸாரில், மஜீட் ஹாஜியாரின் புடவைக்கடையில் வேலை. என்னைச் சுற்றி எப்போதும் துணி உண்டு. துணிவுதான் கிடையாது. சம்பளம் நாற்பதாயிரம். மகள் றுஸ்னாவுக்குக் கண்டிப் பக்கம் கெம்பஸில் படிக்க இடம் கிடைத்தது. கிடைத்த அன்று தெருவுக்கே தொதல் இனிப்புக் கொடுத்தோம். மறுநாள்தான் உட்கார்ந்து யோசித்தோம். அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு. தின்ற தொதல் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"போய்க் கேளுங்க. காசில்ல எண்டு சொல்லுறது என்ன களவா?" என்றாள் சுல்பிகா.

"களவெண்டாலும் ஆருக்கும் தெரியாமச் செய்யலாம் புள்ள. இது முகத்தப் பாத்துக் கேக்கிற வேல."

"இந்த ஊரில எல்லாரும் இப்பிடித்தான். வெளிய 'குறையொண்டுமில்ல' எண்டுற. உள்ள வெறும் பாணும் சம்பலும் திங்கிற. நீங்க இண்டைக்குக் கேக்கிறீங்க."

மறுத்துப் பேசலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு அவளுடைய சீதனம். கோபித்துக்கொண்டு வெளியேறினால் எனக்குத் தெருதான்.

ஒத்திகையும் நடந்தது. அவள் ஹாஜியாராகக் கதிரையில் உட்கார்ந்தாள். மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் "ஏலா" என்றாள்.

கடைக்குப் போனேன்.

"ஹாஜியார், ஒரு விஷயம் கதைக்கணும்."

"நானும் கதைக்க ஆளில்லாமத்தான் இரிக்கன். இரி நஜீம்."

பதினாலு வருஷத்தில் என்னை உட்காரச் சொன்னது அன்றுதான். உட்கார்ந்ததும் பாதித் தைரியம் கதிரைக்குள் இறங்கிவிட்டது.

"காசுக் கஷ்டம்டா. தாங்க ஏலாமக் கிடக்கு" என்றார்.

"ஆருக்கு ஹாஜியார்?"

"எனக்குத்தான்! கொழும்பு வீட்டுக்கு டைல்ஸ் விலை ஏறிட்டு. சின்னவன் ஒஸ்ரேலியாவில படிக்கான். டொலர் அனுப்பி அனுப்பி நான் எலும்பாப் போயிட்டன். இந்த வருஷம் மக்காவுக்கு உம்ரா போகவும் ஒருக்காத்தான் கிடைக்கும் போல."

அவர் கண் கலங்கியது. பொய்க் கண்ணீர் என்று சொல்லமாட்டேன். அதுதான் கொடுமை.

"உனக்கென்ன நஜீம், ஒண்டுமில்ல. ஒண்டுமில்லாதவனுக்குக் கவலையும் இல்ல. உன்னப் பாத்தா எனக்குப் பொறாமையா இரிக்கி."

நம்மைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனிடம் என்னத்தைக் கேட்பது? "இந்தப் பெருநாளைக்கு எனக்குப் போனஸ் வேணாம் ஹாஜியார்" என்று என் வாய் சொன்னது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சம்பளத்தைக் கூட்டப் போனவன், கடையைக் கூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் சுல்பிகா.

"என்ன சொன்னாரு?"

"ஐயாயிரம் கூட்டித் தாறாராம்."

சொல்லிவிட்டேன். மாதா மாதம் ஐயாயிரத்தை யாரிடமாவது கடன் வாங்கி அவள் கையில் வைத்துவிட்டால் சரி என்பது என் திட்டம். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லம்" என்றாள். நம்பிவிட்டாள் என்று நம்பினேன். இருபத்துமூன்று வருஷமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹாஜியார் வீட்டில் பகல் விருந்து. பள்ளிவாசல் நிர்வாகத்தார் எல்லாரும் வருகிறார்கள். ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தால், சுல்பிகா புது அபாயா போட்டு, கையில் வட்டிலப்பத் தட்டோடு நிற்கிறாள்.

"வாங்க, ஹாஜியாருக்கு ஒரு நன்றி சொல்லிட்டு வருவம்."

"அவரு... ஆருக்கும் தெரியாமத் தாறாரு புள்ள."

"நல்லது செஞ்சா நாலு பேருக்குத் தெரியணும். நடங்க."

போனோம். மண்டபத்தில் பெரிய மனிதர்கள் ஏழெட்டுப் பேர். சுல்பிகா வாசற்படியில் நின்று, முக்காட்டைச் சரிசெய்து, வீதிக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"ஹாஜியார், அல்லாஹ் உங்களுக்குப் பரக்கத் செய்யட்டும். எங்கட மகள்ட படிப்புக்கெண்டு இவருக்குச் சம்பளத்தில பத்தாயிரம் கூட்டித் தந்திரிக்கீங்க. இந்தக் காலத்தில ஆரு இப்பிடிச் செய்யிற?"

நான் சொன்ன பொய் ஐயாயிரம். இவள் அதையும் இரட்டித்துவிட்டாள்!

"மாஷா அல்லாஹ்" என்றார்கள் பெரிய மனிதர்கள். ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் வட்டிலப்பத்தைப் பார்த்தேன்.

"நம்மக்கிட்ட வேல செய்யிற ஆக்கள்... நாமதானே பாக்கணும்" என்றார். ஒவ்வொரு சொல்லும் பல்லுப் பிடுங்குவது போல வந்தது.

திரும்பும் வழியில் கேட்டேன். "பொய்யெண்டு தெரிஞ்சிருந்தும் அண்டைக்கே ஏன் கேக்கல்ல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவீங்க. எனக்கு ஒண்டு போதும்."

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

கடையில் என்னோடு சுதன் வேலை செய்தான். தம்பிலுவில்லிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவன். ஒன்பது வருஷம். இரண்டு பிள்ளைகள். சம்பளம் முப்பத்தையாயிரம்.

பத்தாயிரம் செய்தி அவன் காதுக்கும் எட்டியிருந்தது. "காக்கா, எப்பிடிக் கேட்டீங்க?" என்று தன் அண்ணனைக் கேட்பது போலக் கேட்டான்.

நான் கேட்கவேயில்லை, கேட்டது என் பொஞ்சாதி என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நெஞ்சுதான் முன்னால் வந்தது.

"நேர நிண்டு, கண்ணப் பாத்துக் கேக்கணும் சுதன். உழைக்கிறவனுக்கு என்ன வெக்கம்?"

அவன் அப்படியே செய்தான். நேரே நின்றான். கண்ணைப் பார்த்தான். பிள்ளைகளின் செலவு, பஸ் காசு, வீட்டு நிலைமை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். நான் சாரி மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஹாஜியார் இந்தத் தரம் அழவில்லை. உட்காரச் சொல்லவுமில்லை.

"சம்பளம் கட்டுப்படியாகாட்டி வேற கட பாரு" என்றார்.

சுதன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தான். "வாறன் காக்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது அவன் வேலையும் எனக்குத்தான். எனக்குப் பத்தாயிரம் கூட்டியதில் ஹாஜியாருக்கு மாதம் இருபத்தையாயிரம் லாபம்.

சுல்பிகாவிடம் சொன்னேன். அவள் ஏசவில்லை.

"நீங்கதான் கேட்டதெண்டு அவனுக்கிட்டச் சொன்னீங்களா?"

"ம்."

"உண்மையச் சொல்லியிருந்தா அவன்ட பொஞ்சாதி நிலாந்தினியையும் கூட்டிட்டு நானே போயிரிப்பன்" என்றாள். பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

மாதம் முடிந்தது. ஹாஜியார் தந்த உறையைப் பிரித்துப் பார்த்தேன். நாற்பதாயிரம்தான் இருந்தது.

எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. நேரே நின்றேன். கண்ணைப் பார்த்தேன். பதினாலு வருஷத்தில் முதல் தரம் வாயைத் திறந்து காசு கேட்டேன்.

"ஹாஜியார், அந்தப் பத்தாயிரம் எங்க?"

"அத உன்ட பொஞ்சாதி காலையிலேயே வந்து வாங்கிட்டுப் போயிட்டா. நீ பொய் சொல்லுற ஆளாம், கையில குடுக்க வேணாமாம்."